மூன்று இடத்தில் தேயும் சக்கரம்

மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்த ஒரு ஐப்பசி ராத்திரி. வெளிவட்டச் சாலையின் ஓரத்தில் பின் சக்கரம் மண்ணில் இறங்கி, ஒரு கன்டெய்னர் லாரி சாய்ந்து நிற்பதாக போன் வந்தது. பாரிவாக்கத்தில் எங்கள் ஷெட்டிலிருந்து அந்த இடத்துக்குப் பத்து நிமிஷம்தான். ரெக்கவரி வண்டியில் ஏறி உட்கார்ந்து செல்ஃப் அடித்தேன். ‘கிர்ர்ர்’ என்று மோட்டார் மட்டும் தனியாகச் சுற்றியது. இன்ஜின் அசையவே இல்லை.

“அண்ணே, செல்ஃப் சுத்துது. வீலைப் புடிக்கல” என்றான் ஷெட்டில் வேலை பார்க்கும் பையன்.

அவன் சொன்ன வீல், இன்ஜினின் பின்னால் பூட்டியிருக்கிற ஃபிளைவீல். இது எங்களுக்குப் புதிதில்லை. இரண்டு மூன்று மாதமாகவே இப்படித்தான். இதற்கு எல்லா லாரி ஷெட்டிலும் ஒரு கைவைத்தியம் உண்டு. டாப் கியரைப் போட்டு, நாலு பேர் தோள் கொடுத்து வண்டியை ஓர் அடி நகர்த்துவார்கள். இன்ஜின் உள்ளே கொஞ்சம் திரும்பிக்கொள்ளும். பிறகு செல்ஃப் அடித்தால் ‘டக்’கென்று பிடித்துக்கொள்ளும். அன்றைக்கு ஆள் இல்லை, மழை வேறு. இருபது நிமிஷம் போராடித்தான் கிளம்ப முடிந்தது. திரும்பி வரும்போது மணி மூன்று. அப்பா ஷெட் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

“இனிமே தள்ள வேணாம். நாளைக்கு கியர் பாக்ஸ இறக்கிடலாம்.”

அந்த வேலைக்கு ஒன்பது நாள் ஆனது. முடிந்து ஆறு மாதம் ஓடிவிட்டது. பழைய வண்டி வைத்திருக்கிற யாருக்காவது உதவும் என்பதால் நடந்ததை முழுசாக எழுதி வைக்கிறேன்.

வண்டியைப் பற்றி முதலில்

எங்கள் ரெக்கவரி வண்டி ஒரு சக்திமான். நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு இந்தப் பெயர் போதும். மூக்கு நீண்ட, பச்சை பூசிய, நாலு சக்கரமும் இழுக்கிற ராணுவ லாரி. ஜெர்மனியின் மான் நிறுவனத்தின் வடிவத்தை வாங்கி, 1959ல் ஜபல்பூரில் உள்ள பாதுகாப்புத் துறை ஆலையில் கட்டத் தொடங்கினார்கள். சக்திமான் என்ற பேருக்குள் மான் என்ற பெயரும் முழுசாக இருக்கிறது. பிறகு ராணுவ வண்டிகளுக்கென்றே 1969ல் ஜபல்பூர் வாகனத் தொழிற்சாலை வந்தது. 1996 வரை சக்திமான் உற்பத்தி நடந்தது. அதன் இடத்துக்கு வந்த ஸ்டாலியன் நம்ம எண்ணூர் அசோக் லேலண்டின் வண்டி.

மான் நிறுவனத்துக்கு இன்னொரு பெருமையும் உண்டு. ருடால்ஃப் டீசல் தன் முதல் இன்ஜினை 1893லிருந்து 1897 வரை பாடுபட்டு ஓட வைத்தது ஆக்ஸ்பர்க் நகரத்து ஆலையில். அந்த ஆலைதான் பின்னால் மான் நிறுவனமாக ஆனது. எங்கள் ஷெட்டில் புகை விட்டுக்கொண்டு நிற்கிற வண்டியின் வம்சாவளியைத் தேடிப் போனால், டீசல் இன்ஜின் பிறந்த வீட்டிலேயே போய் நிற்கும்.

அப்பா ராணுவத்தில் ஈ.எம்.இ. பிரிவில் வெஹிக்கிள் மெக்கானிக்காக இருந்தவர். பழுது பார்ப்பதற்கென்றே 1943 அக்டோபர் 15ம் தேதி உருவான படைப்பிரிவு அது. செகந்தராபாத் சென்டரில் பயிற்சி முடித்து, மலையிலும் மணலிலும் சக்திமானைப் பிரித்துப் பிரித்துப் பூட்டியவர். அதனால் ஊரில் அவருக்குப் பெயரே ‘மிலிட்டரி’தான். எங்கள் ஷெட்டும் ‘மிலிட்டரி ஷெட்’. ராணுவத்தில் ஒரு வண்டியைச் செலவு செய்து சரிசெய்வது கட்டாது என்று முடிவானால் ‘பி.இ.ஆர்.’ என்று எழுதி ஏலத்துக்கு அனுப்பிவிடுவார்கள். அப்படி ஏலத்தில் வந்த வண்டியைத்தான் அப்பா பணி ஓய்வுக்குப் பிறகு வாங்கினார். பின்னால் கிரேன் பொருத்தி ரெக்கவரி வண்டியாக்கினார்.

இந்த வேலையைச் செய்ய இதைவிட நல்ல இடம் கிடைக்காது. வடக்கே போனால் ஆவடி. டாங்கி கட்டுவதற்கென்றே 1961ல் வந்த கனரக வாகனத் தொழிற்சாலையும், ராணுவ வண்டிகள் வரிசை வரிசையாக நிற்கிற மத்திய வாகன டிப்போவும் அங்கேதான். 2021 அக்டோபர் 1 முதல் ஜபல்பூர் வாகனத் தொழிற்சாலையும் ஆவடியைத் தலைமையிடமாகக் கொண்ட ஆர்மர்ட் வெஹிக்கிள்ஸ் நிகாம் நிறுவனத்தின் கீழ் வந்துவிட்டது. சக்திமானைக் கட்டிய அந்த ஆலைக்கு இன்றைக்குத் தலைமையகம் எங்கள் ஷெட்டிலிருந்து பைக் தூரம். கிழக்கே அம்பத்தூர் தொழிற்பேட்டை. இரும்பை எப்படிச் சீவ வேண்டும், எப்படிச் சுட வேண்டும் என்று தெரிந்த கைகள் அங்கே சந்துக்குச் சந்து உண்டு.

வீல் என்ன செய்கிறது?

பாட்டியின் தையல் மெஷின் நினைவிருக்கிறதா? கால் மிதியை விட்ட பிறகும் கீழே இருக்கிற பெரிய சக்கரம் நாலு சுற்று தானாகச் சுற்றும். குயவர் கோலால் ஒருமுறை வேகமாகச் சுற்றிவிட்டு, அந்தச் சுற்று தீருவதற்குள் பானையை எழுப்பிவிடுவார். கனமான சக்கரம், நாம் கொடுத்த விசையை வாங்கி வைத்துக்கொண்டு, கேட்கும்போது திருப்பித் தரும். ஃபிளைவீலுக்கு வேலை அவ்வளவுதான்.

ஆறு சிலிண்டர் டீசல் இன்ஜினில், கிராங்க் ஒரு சுற்று சுற்றுவதற்குள் மூன்று தடவை வெடிப்பு நடக்கும். 120 டிகிரிக்கு ஒன்று. ஒரு வெடிப்புக்கும் அடுத்த வெடிப்புக்கும் நடுவில், அடுத்த பிஸ்டன் காற்றை அழுத்தியாக வேண்டும். டீசலில் அந்த அழுத்தம் பெட்ரோல் இன்ஜினைப் போல இரண்டு பங்கு இருக்கும். அதைத் தாண்ட விசை தருவது பின்னால் பூட்டியிருக்கிற இந்தக் கனத்த வார்ப்பிரும்பு வட்டம்தான்.

அதோடு இன்னும் இரண்டு வேலை இதன் தலையில். ஓரத்தில் மாட்டியிருக்கிற பல் வளையத்தை, அதாவது ரிங் கியரை, செல்ஃப் மோட்டாரின் சின்னப் பல்சக்கரம் பிடித்துச் சுழற்றித்தான் இன்ஜின் கிளம்புகிறது. பின்பக்க முகத்தில் கிளட்ச் பிளேட் அழுந்தி உட்கார்ந்துதான் வண்டி நகர்கிறது. கிளம்புவதும் நகர்வதும் இரண்டுமே இந்த ஒரு சாமானை நம்பித்தான்.

இறக்கிய கதை

வீலைப் பார்க்க வேண்டுமென்றால் கியர் பாக்ஸ் இறங்க வேண்டும். கியர் பாக்ஸ் இறங்க வேண்டுமென்றால் ஜாயின்ட் ஷாஃப்ட் கழல வேண்டும். நாற்பது வருஷ போல்ட்டுகளுக்கு முதல் நாள் சாயங்காலமே டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றி ஊற வைத்தோம். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மரக்குட்டை போட்டோம். பேட்டரி வயரைக் கழற்றிய பிறகுதான் அப்பா யாரையும் வண்டிக்கு அடியில் போக விட்டார். கியர் பாக்ஸைச் செயின் பிளாக்கில் தொங்கவிட்டு, அடியில் ஜாக்கியும் கொடுத்தோம். இரண்டு நீள ஸ்டட்டின் மேல் அதை நேராகப் பின்னுக்கு இழுத்தோம். நேராக இழுப்பது முக்கியம். பாக்ஸின் பாரம் கிளட்ச் பிளேட்டின் நடுவில் தொங்கினால் பிளேட் வளைந்துவிடும். புது பிளேட் போட்டும் கிளட்ச் உதறுகிற வண்டிகள் பலவற்றில், பூட்டும்போது பிளேட் இப்படி வளைந்திருக்கும்.

பிரஷர் பிளேட்டைக் கழற்றியதும் உள்ளேயிருந்து கரிந்த நாற்றம் வந்தது. கிளட்ச் பிளேட் ரிவிட் வரைக்கும் தேய்ந்திருந்தது. பையன் உடனே துணியை எடுத்து வீலைத் துடைக்கப் போனான். அப்பா கையைப் பிடித்துக்கொண்டார்.

“துடைக்காதப்பா. முதல்ல படிக்கணும்.”

ஒரு சாமான் தேய்ந்துபோனால், அதை மாற்றுவதற்கு முன்னால் ஏன் தேய்ந்தது என்று அதன் முகத்தைப் பார்த்துப் படித்துவிட வேண்டும். படிக்காமல் மாற்றினால், புதுசும் அதே வழியில் போய்ச் சேரும். இதை அப்பா எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். அன்றைக்குத்தான் அதன் அர்த்தம் எனக்கு முழுசாக விளங்கியது.

முகத்தில் எழுதியிருந்தது

டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாகப் பிடித்து அப்பா ஒவ்வொன்றாகக் காட்டினார்.

முதலாவது, வட்ட வட்டமாகக் கோடுகள். விரல் நகத்தை ஓட்டினால் தடுக்கியது. தேய்ந்த பிளேட்டின் ரிவிட் தலைகள் உழுத கோடு அது. “பிளேட் முடிஞ்ச பிறகும் ஓட்டியிருக்கோம்” என்றார். உண்மை. மழைக்காலம் முடியட்டும் என்று நாங்கள்தான் தள்ளிப் போட்டோம்.

இரண்டாவது, மயில் கழுத்து நிறத்தில் திட்டுத் திட்டாக நீலம். கிளட்ச் வழுக்கி வழுக்கி இரும்பு வெந்த இடம். அந்தத் திட்டு வெறும் நிறம் இல்லை. அதிகம் சூடேறிய வார்ப்பிரும்பு, சுற்றியிருக்கிற கனத்த இரும்பு சூட்டை இழுத்துக்கொள்வதால் சட்டென்று ஆறிவிடும். அந்த இடம் மட்டும் கண்ணாடிபோல இறுகிப்போகும். லேத்தில் சீவினால் டூல் அதன் மேல் ஏறிக் குதிக்கும். சீவிய பிறகும் அங்கே ஒரு மேடு நிற்கும். அதனால்தான் இப்படி வெந்த வீலைச் சீவக் கூடாது, கிரைண்டிங் பண்ண வேண்டும் என்பார்கள்.

மூன்றாவது, நடுவிலிருந்து ஓரத்துக்கு ஆரக்கால்போல ஓடிய ஆயில் கறை. கிராங்கின் பின் ஆயில் சீல் கசிந்திருக்கிறது. கசிந்த ஆயில் சுழற்சியில் வெளியே விசிறி அடித்து பிளேட்டை நனைத்திருக்கிறது. நனைந்த பிளேட் வழுக்கும், வழுக்கினால் வேகும், வெந்தால் வெடிக்கும். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவசரத்துக்கு வெளியே ஒரு ஷெட்டில் கிளட்ச் பிளேட் மாற்றினோம். அப்போது அவர்கள் சீலையும் தொடவில்லை, வீலையும் பார்க்கவில்லை. பிளேட்டை மட்டும் மாற்றி மூடிவிட்டார்கள். அன்றைக்கு ஒரு சீல் மாறியிருந்தால் இன்றைக்கு வீல் இந்த அளவுக்கு வெந்திருக்காது.

நாலாவது ரிங் கியர். எனக்கு மனசில் ஆணி அடித்தாற்போல் நின்றது இதுதான்.

இன்ஜினை அணைத்ததும் அது நினைத்த இடத்தில் நிற்காது. கடைசியாகச் சுற்றும்போது ஏதோ ஒரு பிஸ்டன் காற்றை அழுத்திக்கொண்டு மேலே ஏறப் பார்க்கும். ஏற விசை பத்தாமல் பின்வாங்கி நின்றுவிடும். ஆறு சிலிண்டரில் ஒரு சுற்றுக்கு மூன்று அழுத்தம் என்பதால், இன்ஜின் எப்போதும் ஏறக்குறைய மூன்றே இடத்தில்தான் வந்து நிற்கும். ஆகவே செல்ஃப் பல்லும் ஆயுசு முழுக்க அந்த மூன்று இடத்தில்தான் வந்து மோதும். நூறு பல்லுக்கு மேல் இருக்கிற வளையத்தில் மூன்று இடம் மட்டும் கரும்பு கடித்த கிழவர் வாய்போல ஆகிவிடும். மற்ற பல்லெல்லாம் புதுசாக இருக்கும். வண்டியை ஓர் அடி தள்ளினால் செல்ஃப் பிடித்தது ஏன் என்று இப்போது புரிகிறதா? தேயாத பல்லைச் செல்ஃபுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறோம், அவ்வளவுதான்.

ஆனால் எங்கள் வளையத்தில் தேய்ந்த இடம் மூன்று இல்லை, ஆறு. நான் இரண்டு தடவை எண்ணினேன்.

அப்பா ஒன்றும் சொல்லாமல் கம்பி பிரஷ்ஷை எடுத்து வளையத்தின் ஓரத்தை மட்டும் மெதுவாகத் தேய்த்தார். கொஞ்ச நேரத்தில் அழுக்குக்கு அடியிலிருந்து ஒரு சின்னக் குழி தெரிந்தது. சென்டர் பஞ்ச் வைத்து அடித்த புள்ளி. “இதுக்கு ஜோடி வீல் மேல இருக்கணும்” என்றார். எதிரே இல்லை. வளையத்தை ஒட்டி வீலின் முகத்தைத் தேய்த்துக்கொண்டே போனார். சரியாக ஆறில் ஒரு பங்கு தள்ளி, 60 டிகிரியில் இன்னொரு புள்ளி கிடைத்தது.

“ஏற்கெனவே ஒரு கை இதத் திருப்பிப் போட்டிருக்கு.”

ராணுவத்தில் இந்த வண்டி ஓடிய காலத்தில், எந்த மலையடிவாரத்திலோ ஒரு வொர்க்‌ஷாப்பில் யாரோ ஒரு மெக்கானிக் இதைப் பிரித்திருக்கிறார். மூன்று இடம் தேய்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறார். புது வளையம் கேட்டு எழுதிப் போட்டுக் காத்திருக்க நேரம் இருந்திருக்காது. கழற்றும் முன் வளையத்திலும் வீலிலும் எதிரெதிராக ஒரு ஜோடிப் புள்ளி அடித்திருக்கிறார். வளையத்தைச் சூடாக்கிக் கழற்றி, 60 டிகிரி திருப்பி மாட்டி, தேயாத பல்லைச் செல்ஃபுக்கு முன்னால் கொண்டுவந்திருக்கிறார். அதில் வண்டி இன்னும் எத்தனையோ வருஷம் ஓடியிருக்கிறது. அடுத்துப் பிரிக்கிறவன் அந்த இரண்டு புள்ளியைப் பார்த்தாலே போதும், ஒரு திருப்பு ஆகிவிட்டது என்று தெரிந்துகொள்வான். பேரும் இல்லை, தேதியும் இல்லை. அப்பா அந்தப் புள்ளியை விரலால் தடவிக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

காப்பாற்ற முடியுமா?

வளையம் முடிந்தது. வீலையாவது கிரைண்டிங் பண்ணி வைத்துக்கொள்ளலாமா என்று பார்த்தோம். மேலாக நிறைய மயிர்வெடிப்பு இருந்தது, கோடையில் பாரிவாக்கம் ஏரியின் மண் வெடித்துக் கிடக்குமே, அதைப்போல. மேல்வெடிப்பு கிரைண்டிங்கில் போய்விடும். ஆழமாக ஓடுகிற வெடிப்பு போகாது. இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு பழைய முறை இருக்கிறது, செலவே இல்லாதது.

வீலை மண்ணெண்ணெயில் நன்றாக நனைத்து அரை மணி நேரம் விட்டோம். பிறகு பொட்டு ஈரம் இல்லாமல் துடைத்தோம். சாக்பீஸைப் பொடி பண்ணி மேலே மெல்லிசாகத் தூவினோம். வெடிப்புக்குள் புகுந்த மண்ணெண்ணெய் மெதுவாக மேலே கசிந்து வெள்ளைப் பொடியை நனைக்கும். காத்திருந்தோம். நீலத் திட்டு ஒன்றிலிருந்து ஒரு கறுப்புக் கோடு கிளம்பி, உள்பக்கமாக நீண்டு, கிராங்கில் பூட்டுகிற போல்ட் ஓட்டை வரைக்கும் போய் நின்றது. பையன் ‘ஐயோ’ என்றான்.

அதற்குமேல் பேச்சே இல்லை. வார்ப்பிரும்பு அழுத்தத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. சுழலும்போது வீலை வெளிப்பக்கமாகப் பிய்க்கிற விசை, வேகத்தின் வர்க்கமாக ஏறும். சுற்று இரண்டு மடங்கானால் பிய்க்கிற விசை நாலு மடங்கு. இறக்கத்தில் சின்ன கியரில் வண்டி இன்ஜினைத் தள்ளிக்கொண்டு போகும்போது வெடிப்புள்ள வீல் சிதறினால், துண்டுகள் பெல் ஹவுசிங்கைக் கிழித்துக்கொண்டு டிரைவரின் கால் பக்கம் வரும். பணத்தை மிச்சம் பிடிக்கிற இடம் இது இல்லை.

புதுப்பேட்டையும் அம்பத்தூரும்

வேறு வீலுக்குப் புதுப்பேட்டைக்கு மூன்று தடவை அலைந்தோம். பழைய வண்டியின் எந்த உறுப்பும் அங்கே ஏதோ ஒரு கடையின் மாடியில் கிடக்கும், தேடுகிற பொறுமை மட்டும் வேண்டும். முதலில் கிடைத்த வீல் பார்வைக்கு அச்சு அசல். சாக்பீஸில் அடையாளம் வைத்துப் பல்லை எண்ணினோம், எண்ணிக்கை ஒத்துவரவில்லை. இரண்டாவதில் போல்ட் ஓட்டைகள் ஒத்துவரவில்லை. பல வீல்களில் ஓர் ஓட்டையை வேண்டுமென்றே கொஞ்சம் தள்ளிப் போட்டிருப்பார்கள். ஒரே ஒரு நிலையில்தான் மாட்ட முடியும், டைமிங் குறி இடம் மாறாது.

மூன்றாவது தடவை கடைக்காரர் பாய் தானே ஏணி ஏறி ஒன்றை இறக்கிக் கொடுத்தார். “பல் போச்சு மிலிட்டரி, ஆனா பாடி சுத்தம்” என்றார். அளவு எல்லாம் சரி. கயிற்றில் தொங்கவிட்டுச் சுத்தியால் தட்டினோம். கோயில் மணிபோல நீண்டு ஒலித்தது. வெடிப்புள்ள வீல் சட்டி தட்டினாற்போல ‘டப்’பென்று அடங்கும். அப்பா கண்ணைக் காட்டினார், பணத்தைக் கொடுத்தேன்.

அம்பத்தூரில் அதன் முகத்தை கிரைண்டிங் பண்ணினோம். முகத்தில் எவ்வளவு எடுக்கிறோமோ, பிரஷர் பிளேட் உட்காருகிற படியிலும் அவ்வளவே எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஸ்பிரிங்கின் அழுத்தம் குறைந்து புது கிளட்ச்சும் வழுக்கும். இதை அங்கே வேலை பார்த்த டர்னர் அண்ணனிடம் சொல்லவே வேண்டியதில்லை. அவரே முதலில் அந்தப் படியைத்தான் அளந்தார்.

பிறகு புது ரிங் கியரை ஏற்ற வேண்டும். வளையத்தின் உள்வட்டம் வீலைவிடத் துளி சின்னது. சூடாக்கிப் பெருக்க வைத்துத்தான் இறக்க முடியும். சுமார் 400 மி.மீ விட்டமுள்ள எஃகு வளையம் 200 டிகிரி சூடு கூடினால் கிட்டத்தட்ட 1 மி.மீ பெருக்கும். அந்த ஒரு மில்லிமீட்டருக்குள்தான் வேலை.

மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா போடுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதுசு இல்லை. எங்கள் தாத்தா காலத்தில் பட்டாவை வறட்டி நெருப்பில் சுற்றிலும் சுட்டு, இடுக்கியால் நாலு பேர் தூக்கி மரச் சக்கரத்தில் இறக்கி, உடனே தண்ணீர் ஊற்றி இறுக்குவார்களாம். இங்கேயும் அதே சூத்திரம்தான், ஆனால் இரண்டு வித்தியாசம். இதில் தண்ணீர் ஊற்றவே கூடாது. சட்டென்று ஆறினால் வளையம் விரிசல் விடலாம். சூடும் அளவு மீறக் கூடாது. பல்லுக்குக் கொடுத்திருக்கிற கடினம் இறங்கிவிடும்.

டர்னர் அண்ணன் வளையத்தின் ஓர் இடத்தை எமரி தாளால் பளபளவென்று தேய்த்துக்கொண்டார். செங்கல் மேல் வைத்து, கேஸ் நெருப்பை ஓர் இடத்திலும் நிறுத்தாமல் சுற்றிச் சுற்றிக் காட்டிக்கொண்டே இருந்தார். எல்லோருடைய கண்ணும் அந்தப் பளபளப்பான இடத்தில். வெள்ளையாக இருந்தது மெல்ல மெல்ல வைக்கோல் நிறத்துக்கு வந்தது. “அவ்ளோதான், நீலம் வந்தா பல்லு செத்துச்சு” என்று நெருப்பை ஒதுக்கினார். இரண்டு பேர் இரண்டு பக்கம் இடுக்கி பிடித்தோம். பல்லின் சாய்வான பக்கம் செல்ஃப் வருகிற பக்கம் பார்த்திருக்கிறதா என்று அப்பா கடைசியாக ஒருமுறை குனிந்து பார்த்தார். இறக்கினோம். ‘தொப்’பென்று ஒரே சத்தம். சுற்றிலும் செப்புச் சுத்தியால் தட்டி அடியில் உட்கார வைத்தோம். பிறகு யாரும் தொடவில்லை. டீ குடித்துவிட்டு வந்தோம். ஆறும்போது இரும்பு ‘டிக், டிக்’ என்று பேசிக்கொண்டே இறுகியது.

பூட்டியது

திரும்பிப் பூட்டும்போது அவசரப்படவில்லை. பின் ஆயில் சீலைப் புதுசு போட்டோம். கிராங்கின் நுனியில் உட்காருகிற பைலட் பேரிங்கையும் மாற்றினோம். விலை சின்னது. ஆனால் அதற்காக இன்னொரு தடவை கியர் பாக்ஸை இறக்க நேர்ந்தால் செலவு பெரியது. கிராங்கின் முகத்தையும் வீலின் முகத்தையும் கண்ணாடிபோலத் துடைத்தோம். நடுவில் ஒரு துரும்பு மாட்டினாலும் ஓரத்தில் அது பல மடங்காக ஆடும். போல்ட்டுகளை எதிரெதிராக, மூன்று தவணையில், டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்கினோம். பிறகு டயல் கேஜை வைத்து வீலைக் கையால் மெதுவாகச் சுற்றினோம். சுற்றும்போது கிராங்கை ஒரே பக்கம் தள்ளிப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் கிராங்கின் முன்பின் ஆட்டத்தையும் சேர்த்து முள் காட்டும். முள் 0.1 மி.மீ தாண்டவில்லை.

கிளட்ச் பிளேட்டை நடுவில் நிறுத்த ஒரு பழைய இன்புட் ஷாஃப்டையே டம்மியாகச் செருகினோம். பாக்ஸ் முதல் தடவையிலேயே உள்ளே போனது. ஒன்பதாம் நாள் சாயங்காலம் பையனைத்தான் ஏறச் சொன்னார் அப்பா. செல்ஃப் அடித்தான். பழைய ‘கிர்ர்ர்’ இல்லை. ‘டக்’கென்று ஒரு பிடி, ஒரு உறுமல், இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அணைக்கச் சொன்னார். மறுபடி அடிக்கச் சொன்னார். பத்து தடவை. பத்தும் பிடித்தது.

இனிமேல் இப்படித்தான்

வீலை மாற்றியதோடு எங்கள் ஓட்டுகிற பழக்கத்தையும் மாற்றினோம். அதில்லாமல் இந்தச் செலவுக்கு அர்த்தம் இல்லை. புதைந்த லாரியை இழுக்கும்போது முன்பு பாதி கிளட்ச்சில் வைத்து உறுமவிட்டு இழுப்போம். அந்த நீலத் திட்டுக்கு ஆயில் கசிவோடு இதுவும் ஒரு காரணம். இப்போது முன் ஆக்ஸிலையும் சேர்த்து, முதல் கியரில், கிளட்ச்சை முழுசாக விட்டபிறகுதான் கயிறு இறுகுகிறது. ஓடும்போது கிளட்ச் மிதி மேல் கால் வைத்திருக்கிற பழக்கத்தையும் விட்டோம். செல்ஃப் ஒருமுறை வழுக்கினால் அன்றைக்கே பார்ப்பது, தள்ளிவிட்டு ஓட்டுவதில்லை. பெல் ஹவுசிங்கின் அடி ஓட்டையில் ஆயில் சொட்டுகிறதா என்று வாரம் ஒருமுறை விரல் வைத்துப் பார்ப்பது.

நீங்கள் பழைய வண்டி ஏதாவது வைத்திருந்தால் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மெக்கானிக் ஷெட்டில் உங்கள் வண்டியின் சாமான் கழன்று வந்தால், அதை உடனே காயலான் கடைக்குப் போட விடாதீர்கள். கையில் வாங்கிப் பாருங்கள். எங்கே தேய்ந்திருக்கிறது, எந்தப் பக்கம் கறுத்திருக்கிறது, எங்கே நனைந்திருக்கிறது என்று கேளுங்கள். நல்ல மெக்கானிக் சந்தோஷமாகச் சொல்வார். ‘பி.இ.ஆர்.’ என்று எழுதிய வண்டி இத்தனை வருஷம் எங்களுக்குச் சோறு போட்டிருக்கிறது என்றால், அதற்குக் காரணம் ஒவ்வொரு தடவையும் யாரோ ஒருவர் கொஞ்ச நேரம் குனிந்து படித்திருக்கிறார் என்பதுதான்.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். கியர் பாக்ஸை ஏற்றுவதற்கு முன்னால், எல்லாம் தயாராக இருந்தபோது, அப்பா ஒரு நிமிஷம் நிறுத்தச் சொன்னார். இந்தப் புது வளையமும் அதே மூன்று இடத்தில்தான் தேயப் போகிறது. இன்ஜினின் குணம் அது, மாற்ற முடியாது. பெட்டியிலிருந்து சென்டர் பஞ்ச்சை எடுத்தார். வளையத்தின் ஓரத்தில் ஒரு தட்டு. வீலின் முகத்தில், அதற்கு நேர் எதிரே, இன்னொரு தட்டு. இரண்டு புள்ளியும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன.

இன்னும் எத்தனை வருஷம் கழித்தோ, யாரோ ஒருவர் இதைப் பிரிப்பார். அப்போது அப்பா இருக்க மாட்டார், ஒருவேளை நானும் இருக்க மாட்டேன். துடைப்பதற்கு முன்னால் படிக்கத் தெரிந்த கையாக இருந்தால், அந்த ஜோடிப் புள்ளியைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிடும்: இதில் இன்னும் ஒரு திருப்பு பாக்கி இருக்கிறது.